பொறுமையும் விசுவாச வளர்ச்சியும்

அறங்களுள் கட்டளையிடுவதற்கு எளியதும் கற்பிப்பதற்கு அரியதும் பொறுமையாகும். "பொறுமையாக இரு" என்று பிள்ளைகளிடம் சொல்லாத வீடும் இல்லை, வகுப்பறையும் இல்லை. சொன்னவுடன் பிள்ளை வாய்மூடிக் கைகட்டி அமர்கிறது. சொன்னவரும் மனநிறைவு கொள்கிறார். ஆயினும், அப்பிள்ளை அப்போது கற்றுக்கொண்டது பொறுமையா, அன்றி அச்சமா என்னும் வினா எழுகின்றது. கிறிஸ்தவ விசுவாசத்தில் பிள்ளைகளை வளர்க்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது. அச்சத்தால் அடங்கிய பிள்ளை, அச்சம் நீங்கிய நாளில் அடக்கத்தையும் கைவிடும். அதனோடு விசுவாசத்தையும் கைவிடக்கூடும்.

சொல்லும் பொருளும்

தமிழில் 'பொறு' என்னும் வினைச்சொல் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. சுமையைத் தாங்குதல் ஒன்று. காலம் கனியும்வரை காத்திருத்தல் மற்றொன்று. பிறர் பிழையை மன்னித்தல் மூன்றாவது. திருவள்ளுவர் பொறையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்து, தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை அதற்கு உவமையாக்கினார். தமிழ் விவிலியமோ, ஆவியானவரின் கனிகளுள் ஒன்றாக நீடிய பொறுமையை எண்ணுகின்றது. கனி என்னும் சொல் ஈண்டுக் கருதத்தக்கது. கனியை ஆணையிட்டுப் பெற முடியாது. மரத்தைப் பேணலாம், கனி உரிய காலத்தில்தான் வரும். எனவே, பொறுமையைக் கற்பிக்க முனைவோர்க்கு முதலில் வேண்டுவதும் பொறுமையே ஆகின்றது.

ஜாதிக்காய் மரம் கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையை விளக்கப் பினாங்குத் தீவினர் தொலைவிலுள்ள உவமையைத் தேட வேண்டுவதில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தை நிறுவினார். அதன்பின், 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய்க் கன்றுகளைக் கொணர்ந்து இங்கு நட்டனர். விதையிலிருந்து வளரும் ஜாதிக்காய் மரம் முதன்முதலாகக் காய்க்க ஏறத்தாழ 7 அல்லது 8 ஆண்டுகள் ஆகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; காய்ப்பது பெண் மரமே. ஆனால், கன்று வளர்ந்து பூக்கும்வரை அதன் தோற்றத்தைக் கொண்டு இன்னது என்று கூறிவிட முடியாது. பயிரிடுவோர் எல்லாக் கன்றுகளுக்கும் ஒருபடித்தாகவே நிழல் தந்து, நீர் ஊற்றி, எரு இட்டுக் காத்திருக்க வேண்டும். 1860ஐ ஒட்டிய காலத்தில் நோய் தாக்கித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆயினும், பாலிக் புலாவ் பகுதியில் இன்றும் ஜாதிக்காய் விளைகின்றது. ஜார்ஜ் டவுன் கடைகளில் அதன் ஊறலும் பானமும் விற்கப்படுகின்றன.

ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் இம்மரத்தை நினைவிற்கொள்ளுதல் நலம். பத்து வயதுப் பிள்ளை ஒன்று இருபது வசனங்களைத் தங்குதடையின்றி ஒப்புவிக்கின்றது, பரிசும் பெறுகின்றது. அருகில் இருக்கும் பிள்ளையோ ஒரு வசனத்தையும் முழுமையாகச் சொல்ல இயலாமல் விழிக்கின்றது. இவ்விருவருள் நாளை துன்பம் வந்துற்றபோது எவர் விசுவாசத்தில் நிலைத்து நிற்பார் என்பதைப் பத்து வயதில் எவரும் அறியார். மனப்பாடம் தீதன்று, பிற்காலத்தில் உதவும் விதை அது. ஆனால், விதையையே விளைச்சலாகக் கணக்கிட்டுப் பிள்ளைகளைத் தரம்பிரிப்பது, பூக்காத கன்றைக் கண்டு தீர்ப்பளிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னும் ஓர் ஆண்டு

இயேசுபிரான் உரைத்த உவமைகளுள் இரண்டு இப்பொருளுக்கு நேரே பொருந்துவன. விதைத்த உழவன் இரவில் உறங்கிப் பகலில் எழுகிறான். விதை எவ்வாறு முளைத்து வளர்கின்றது என்பதை அவன் அறியான் என்பது ஒன்று. மூன்று ஆண்டுகளாகக் கனி தராத அத்திமரத்தை வெட்டிவிடும்படி உடையவன் கூற, தோட்டக்காரன் மேலும் ஓர் ஆண்டு தவணை வேண்டுகிறான் என்பது மற்றொன்று. அத்தோட்டக்காரன் தவணை கேட்பதோடு நின்றுவிடவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடுவதாகவும் உறுதி கூறுகிறான்.

வளர்ச்சி இறைவனுடையது என்பதை முதல் உவமை உணர்த்துகின்றது; உழைப்பு மனிதனுடையது என்பதை இரண்டாம் உவமை உணர்த்துகின்றது. முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டோர் பிள்ளைகளைக் கவனியாது விட்டுவிடுவர். இரண்டாவதை மட்டும் பற்றிக்கொண்டோர் முளையைப் பிடித்திழுத்து வளர்க்க முயல்வர். இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே கிறிஸ்தவப் பொறுமையாகும். மக்கள் குழந்தைகளை இயேசுவிடம் கொணர்ந்தபோது அவர்களை அதட்டியோர் அயலார் அல்லர், அவருடைய சீடர்களே. சமயப் பற்று மிக்கோரிடமே குழந்தைகள்பால் பொறுமையின்மை தோன்றக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆசிரியர் மாணவரான வரலாறு

கற்பிப்பவர் கற்பவரின் நிலையில் அமர்ந்த வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலேயே உண்டு. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜெர்மானியரான சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். போதிக்க வந்த அவர் தமிழறியார். ஆதலின், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது 1715ஆம் ஆண்டில். மணலில் முதலெழுத்தை எழுதியதற்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

பினாங்கிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. ஆசிய இளைஞர்களைக் குருக்களாக உருவாக்கும் பொருட்டு 1665இல் சயாம் நாட்டு அயோத்தியாவில் தொடங்கப்பெற்ற குருமடம், போராலும் கலகத்தாலும் இடம்பெயர்ந்து, சில காலம் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்திலும் நடைபெற்றுப் பின்னர் மூடப்பட்டது. அது மீண்டும் உயிர்பெற்றது 1808இல், பினாங்குத் தீவில். வளர்ச்சி என்பது தடையின்றி மேலேறும் படிக்கட்டு அன்று. நின்றும் தொடங்கியும் செல்வது. ஒரு நிறுவனத்திற்கே இவ்வாறாயின், ஒரு சிறுவனின் உள்ளத்தில் விசுவாசம் சில காலம் மங்கித் தோன்றுவதைக் கண்டு பெற்றோர் நம்பிக்கை இழத்தல் தகுமோ?

பொறுமை அடிமைத்தனமா?

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. பொறுத்திரு என்ற போதனை எளியோரை அடக்கிவைக்கும் கருவியாகப் பயன்பட்டதில்லையா என்பதே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள, அந்நாளில் புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். அம்முறையில் மலாயாவிற்கு ஆள் எடுப்பது 1910இல்தான் முடிவுற்றது. அம்மக்களின் வழித்தோன்றல்களுக்குப் பொறுமையைப் போதிப்போர், எதைப் பொறுக்க வேண்டும், எதைப் பொறுக்கலாகாது என்பதையும் சேர்த்தே போதிக்கக் கடமைப்பட்டவர்.

தன் கற்றலில் உள்ள தாமதத்தைப் பொறுக்கலாம். தோழனின் பிழையைப் பொறுக்கலாம். விரும்பியது கிட்டாமையைப் பொறுக்கலாம். ஆனால், எளிய பிள்ளை ஒன்று இழிவுபடுத்தப்படுவதைக் கண்டும் வாய்மூடி இருத்தல் பொறுமையன்று. தனக்கு ஒருவர் தீங்கிழைக்கும்போது, அதை மறைத்து வைப்பதும் பொறுமையன்று. நம்பத்தகுந்த பெரியவரிடம் சொல்லுமாறு பிள்ளையைப் பழக்க வேண்டும். தலைமைக் குருவின் முன் அறையப்பட்ட இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆயினும், அடித்ததற்குக் காரணம் கேட்காமலும் இருக்கவில்லை. பழிவாங்காமையும் உண்மையை மறையாமையும் அங்கு ஒருங்கே நின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் கற்பித்தால், பிள்ளை கோழையாகும் அல்லது முரடனாகும்.

வகுப்பறையில் விளங்கும் பொறுமை

ஜார்ஜ் டவுனில் தமிழ்ப் பிள்ளை ஒன்று வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பயில்கின்றது. தெருவில் சீனமும் கேட்கின்றது. அப்பிள்ளை விவிலியத்தைத் தமிழில் படிக்கும்போது எழுத்தெழுத்தாகத் தடுமாறுதல் கூடும். ஆசிரியர் அதன் வாயிலிருந்து சொல்லைப் பறித்துத் தாமே படித்துவிட்டால், நேரம் மிஞ்சும்; பாடம் போய்விடும். அரை நிமிடம் காத்திருந்தால், தனக்காக ஒருவர் காத்திருந்தார் என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ளும். தான் பெற்ற பொறுமையையே அது நாளை தன் தம்பிக்கும் தங்கைக்கும் வழங்கும்.

இவ்வாறே, "கடவுள் ஏன் என் வேண்டுதலைக் கேட்கவில்லை?" என்று பிள்ளை வினவும்போது விரைந்து விடை கூறி வாயடைத்தலும் தகாது. எல்லா வேண்டுதலுக்கும் விடை உடனே தெரிவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வினாவோடு பிள்ளையின் அருகில் இருத்தலே சிறந்த போதனையாகும். ஆசிரியர் சினந்துவிட்ட நாளில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதும் அத்தகையதே. பொறுத்தல் என்பதற்கு மன்னித்தல் எனவும் பொருளுண்டு என்பதைப் பிள்ளை அகராதியில் அன்று, ஆசிரியரிடமே கண்டுகொள்ளும்.

பிள்ளைகளின் விசுவாச வளர்ச்சியைக் கண்ணாரக் காணும் பேறு எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை. நட்டவர் ஒருவர், நீர் ஊற்றியவர் மற்றொருவர், கனியைக் கண்டவர் வேறொருவர் என்றே பெரும்பாலும் அமைகின்றது. இது இழப்பன்று, இப்பணியின் இயல்பு. ஆதலின், கற்பிப்போர் பிள்ளையிடம் பொறுமையைக் கேட்குமுன், அப்பிள்ளைக்கு இன்னும் ஓர் ஆண்டு தவணை தருவாராக. அவ்வாண்டு முழுதும் கொத்தி எரு இடுவாராக.