சேர்த்து வைப்பது நம்பிக்கைக் குறைவா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்படிப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நாங்கள் நாலைந்து பேர் தாங்கலின் பின்பக்க அறையில் அரிசி மூட்டைகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம். பழைய மூட்டை முன்னால் வர வேண்டும், புதியது பின்னால் போக வேண்டும். கூட நின்று மூட்டை பிடித்த கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: "மாமா, எல்லாத்தையும் அய்யா பாத்துக்கிடுவாருன்னு நீங்கதான் சொல்லுதிய. தர்மயுகம் வரப்போவுதுன்னும் சொல்லுதிய. பெறகு எதுக்கு இப்படி மூட்டை மூட்டையா சேத்து வைக்கிய? நம்பிக்கை இல்லையா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நூல் ஆராய்ந்து பதில் சொல்லத் தெரியாது. "வேலையைப் பாரு மக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் ஒக்கிப் புயல் நாட்களில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

2017 நவம்பர் 30. வியாழக்கிழமை. அன்று வீசிய காற்றை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாழையும் ரப்பரும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கடலுக்குப் போன நம் மீனவ மக்கள் பலர் திரும்பி வரவே இல்லை. அந்தத் துயரத்தின் முன்னால் எங்கள் தெருவின் கஷ்டம் ஒரு கஷ்டமே இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது.

முதல் நாள் மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் போதுமாயிருந்தது. இரண்டாம் நாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எங்கள் வீட்டில் கிணறு உண்டு. என் தாத்தா வெட்டிய கிணறு. மழை பெய்து, கையெட்டும் தூரம்போலத் தண்ணீர் நிரம்பி நின்றது. ஆனால் மோட்டார் வைத்த அன்றே கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம். கயிறு இல்லை. இரும்பு வலையால் கிணற்றை மூடி, பூட்டும் போட்டிருந்தோம். சாவியைத் தேடி, பூட்டை உடைத்து, துணி காயப்போடும் நைலான் கயிற்றில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டி இறக்கினால், அது படகுபோல மிதக்கிறது! கயிற்றை ஒரு சுண்டு சுண்டி வாளியைக் கவிழ்த்து முக்க வேண்டும் என்று சின்ன வயதில் செய்ததுதான். கை மறந்துவிட்டது. இரண்டு வாளி இறைப்பதற்குள் நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டது. அதோடு கயிறும் அறுந்து வாளி உள்ளே போய்விட்டது.

பின்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். இப்போது அவர் இல்லை. மகன் மோட்டார் வாங்கிக் கொடுத்தும், அவர் கப்பியைக் கழற்ற விடவில்லை. தும்புக் கயிறும் இரும்பு வாளியும் எப்போதும் கிணற்றடியில் கிடக்கும். ஒன்பது நாளும் எங்கள் தெருவே அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. யார் வீட்டு ஆள், எந்த ஊர்க்காரன் என்று பாட்டி ஒருவரையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வாளியத் தரையில வைக்காதிய, மண்ணு ஒட்டும்."

இனி என் கதை. எங்கள் வீட்டில் அப்போது அரை மூட்டைக்கு மேல் அரிசி இருந்தது. கடைகள் திறந்தாலும் அரிசி வருமா என்று தெரியவில்லை. நாஞ்சில் நாடு ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியம். இன்று நம் கடைக்கு வரும் அரிசியில் பெரும்பகுதி ஆரல்வாய்மொழி கடந்து லாரியில்தான் வருகிறது. ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் லாரி எப்படி வரும்? நான்காம் நாள் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மரமே விழுந்த பிறகு வேலை ஏது, கூலி ஏது? "தம்பி, ரண்டு நாழி அரிசி இருந்தா தா, கடை தொறந்ததும் தாறேன்" என்றார். நான் வாசலில் நின்றபடியே, "எங்களுக்கே நாளைக்குத்தான் இருக்கும் அண்ணே" என்றேன். நெற்றியில் நாமத்தோடுதான் சொன்னேன். அவர் "செரி தம்பி" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி ஒரு கடவம் நிறைய மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். காற்றில் சாய்ந்த மூட்டைப் பிடுங்கியது. அதை அவித்துத் தின்றோம். என் வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்தப் பையன் கேட்ட கேள்வி அந்தத் திண்ணையில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சேர்த்து வைத்தது என் தப்பா? இல்லை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். ஒரு 25 கிலோ மூட்டை பதினைந்து நாள் வரும். பிள்ளை குட்டி உள்ளவன் அதை வைத்திருப்பது அவன் கடமை. ஒன்றும் சேர்க்காமல் "அய்யா தருவார்" என்று இருப்பவனைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அய்யா அவனுக்கு எந்தக் கையால் தருவார்? பக்கத்து வீட்டுக்காரன் கையால்தானே? ஆக, அவன் நம்பியிருப்பது பக்கத்து வீட்டுப் பானையை. இருக்க வழியுள்ளவன் இல்லாதவனோடு வரிசையில் வந்து நிற்பதும் ஒருவகைப் பறிப்புதான். வாங்கவே வழியில்லாதவனை நான் சொல்லவில்லை. அவனுக்காகத்தான் மற்றவன் சேர்க்க வேண்டும்.

என் தப்பு, அரிசியைச் சேர்த்தபோது பயத்தையும் சேர்த்து மூட்டையில் கட்டியது. பாட்டியிடம் இருந்ததும் சேமிப்பு, என்னிடம் இருந்ததும் சேமிப்பு. அவர் கயிற்றை வைத்திருந்தார், வாசலும் திறந்திருந்தது. நான் அரிசியை வைத்திருந்தேன், வாசலை அடைத்து நின்றேன். அளவைப் பார்த்து இது சேமிப்பு, இது பதுக்கல் என்று பிரிக்க முடியாது. என்னிடம் இருந்தது அரை மூட்டைதான், அது பதுக்கல். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதுதான் தர்மம் என்று சின்ன வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டது காதோடு நின்றுவிட்டது.

நம் முன்னோர் இதில் நமக்கு வழிகாட்டாமல் போகவில்லை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத காலம் அது. அய்யா அவரவர் வீட்டு முற்றத்தில் தனித்தனிக் கிணறு தோண்டிக்கொள்ளச் சொல்லவில்லை. சாமிதோப்பில் முத்திரிக் கிணறு ஒன்றே ஒன்று. பதினெட்டுச் சாதியும் அதில்தான். யாரையும் எதிர்பார்க்காமல் நிற்பதும், எல்லோரும் ஒன்றாக நிற்பதும் அங்கே ஒரே காரியமாக நடந்தது. வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த எழுநூறு குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். கடற்கரை மணல், உடுத்த துணி, சைவச் சாப்பாடு, மூன்று நேரமும் துவைப்பு, குளிப்பு. இல்லாமையைத் தாங்கப் பழகியவர்கள் அவர்கள். நமக்கோ அரைமணி நேரம் மின்விசிறி நின்றால் தெருவுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் அந்த எழுநூறு குடும்பமும் தனித்தனியாகப் போயிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்குமா? பழக்கத்தையும் அவர்கள் கூட்டமாகத்தான் பழகினார்கள்.

இது அந்தக் காலத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. அந்தப் பயணிகள் கையில் பணம் இருந்தது, போன் இருந்தது, பயணச்சீட்டும் இருந்தது. எதுவும் சோறாகவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்தபோதும், வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். இதில் நான் பார்ப்பது மனதை மட்டும் அல்ல. மனது இருந்தும் வீட்டில் அரிசியும், பெரிய பாத்திரமும், நூறு பேருக்கு உலை வைக்கத் தெரிந்த கையும் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பார்கள்?

எங்கள் தாங்கலில் இப்போது செய்வதைச் சொல்கிறேன், பெருமைக்காக அல்ல. தாங்கல் கிணற்றில் கப்பி போட்டுத் தும்புக் கயிறு கட்டியிருக்கிறோம். தமிழ் மாதம் முதல் ஞாயிறு அன்று பிள்ளைகள்தான் தண்ணீர் இறைக்க வேண்டும், மோட்டார் போடக்கூடாது. முதல் மாதம் வாளியை முக்கத் தெரியாமல் அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! வீட்டுப் பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுகிறார்கள். இது புதிது அல்ல, நம் பாட்டிமார் செய்த பிடியரிசிதான். அது சேர்ந்து தாங்கலுக்கு வருகிறது, பழையது முதலில் அன்னதர்மத்துக்குப் போகிறது, அதனால் வண்டு விழுவதில்லை.

ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சி. நாலு மூட்டை என்றால் 100 கிலோ. எங்கள் தெருவில் நாற்பது வீடு, 160 பேர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 64 கிலோ. ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். தாங்கலில் இருக்கிறது என்று யாரும் வீட்டில் சும்மா இருக்க முடியாது. வீட்டில் இருக்கிறது என்று தாங்கலை மறக்கவும் முடியாது. அரிசியைவிட முக்கியமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, எங்கே கைக்குழந்தை, யாருக்கு இன்சுலின், யாருக்குப் பேறுகாலம் என்று அதில் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் ஈர மணல் வைத்த மண்பானை ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். பிரிட்ஜ் நின்றால் அதற்குள் வைக்கலாம். ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் தயாராக இருப்பார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஆயத்தம் செய்துவிட்டோம் என்று சொல்பவனை நம்பாதீர்கள்.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இந்தப் புத்தகம் பக்கத்து வீட்டு அண்ணன் கைக்கும் போகுமே. எனவே தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அரிசி இருந்தது எனக்கு அப்பமே தெரியும் தம்பி" என்றார். "உன் மோள் அன்னைக்கு மத்தியானம் சோத்துத் தட்டோட எங்க முற்றத்திலதான் வெளையாடிட்டு நின்னா."

"பெறகு ஏன் அண்ணே கிழங்கு குடுத்து விட்டிய?"

"அவ்வளவும் சாஞ்சு கெடந்துது. பிடுங்குன மரச்சீனி ரண்டு நாளுக்கு மேல நிக்குமா? வச்சிருந்தா கறுத்துப் போவும்."

தாளை மடித்துக் கையில் கொடுத்தார். தாங்கல் கிணற்றுக் கப்பி போன ஞாயிற்றுக்கிழமை கிறீச்சென்று சத்தம் போட்டதாகவும், யாராவது எண்ணெய் விட்டார்களா என்றும் கேட்டார். விடவில்லை என்றேன். தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

அய்யா உண்டு.