சோறு வேறு, அரிசி வேறு என்று தெரிந்த உனக்கா ஜப்பானியம் வராது?

"ஜப்பானிய மொழியா? நமக்கெல்லாம் வராது சார்!"

திருவனந்தபுரத்தின் ஐ.டி. பூங்காவான டெக்னோபார்க் வாசல்வரை வந்துவிட்டு இப்படியா பேசுவது?

ஏன் வராது? "இங்கிலீஷே எனக்குத் தகராறு" என்கிறாய். யார் கேட்டார்கள் உன் இங்கிலீஷை?

ஆங்கில வாக்கியம் ஒன்றை ஜப்பானியத்தில் எழுதச் சொன்னார்கள். அதில் 'ரைஸ்' என்றிருந்தது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினாய். சிவப்பு மை விழுந்தது. அன்றோடு புத்தகத்தை மூடிவிட்டாய்!

திற அதை!

வயலில் விளைவது என்ன? நெல். மூட்டையில் இருப்பது? அரிசி. இலையில் விழுவது? சோறு. இதில் நீ என்றாவது தடுமாறியிருக்கிறாயா?

ஜப்பானியரும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்! நெல்லுக்கு 'இனே'. அரிசிக்கு 'கொமே'. சோற்றுக்கு 'கொஹன்'.

'சிஸ்டர்' என்றால் அக்காவா, தங்கையா? ஆங்கிலம் சொல்லாது. ஜப்பானியம் சொல்லும்: அக்கா 'அனே', தங்கை 'இமோதோ'. தண்ணீர் 'மிசு', வெந்நீர் 'ஒயு'.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஜப்பானியத்திலும் அப்படியே! ஆங்கிலத்துக்குப் பயந்து, கையில் இருந்த தமிழை மறந்தது யார் குற்றம்?

எல்லாம் சும்மா வந்துவிடுமா? வராது! சட்டை, பேன்ட், தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் நாம் 'போட்டு'க்கொள்கிறோம். அங்கே சட்டைக்கு 'கிரு', பேன்ட்டுக்கு 'ஹக்கு', தொப்பிக்கு 'கபுரு', கண்ணாடிக்கு 'ககெரு'.

இங்கேதான் உழைப்பு வேண்டும். அகராதிக்கு முன் வாக்கியத்தைப் பார். யார், யாரிடம், எதைச் சொல்கிறார்? பொருளைப் பிடி. ஜப்பானியர் எழுதியதில் எந்தச் சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்று தேடு. எழுது. சத்தம் போட்டு வாசி. இடறுகிறதா? அடித்துவிட்டு மறுபடி எழுது!

எழுத்தைக் கண்டு பயமா? தமிழில் 247 எழுத்துகளை ஆரம்பப் பள்ளியிலேயே கற்றவன் நீ. ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் வெறும் 46!

சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளா? அன்றாடப் புழக்கத்துக்கென வரையறுத்தவை 2,136. நாளுக்கு மூன்று படி. இரண்டே ஆண்டில் முடியும். உன் கைப்பேசி தின்னும் நேரத்தில் பாதி போதும்!

1928-ல் இதே திருவனந்தபுரத்து இளைஞர் ஏ.எம். நாயர் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தார். ஜப்பானில் இருந்த விடுதலைப் போராளி ராஷ் பிகாரி போஸுடன் நின்று, இந்திய விடுதலைக்காக ஜப்பானியரோடு பேசினார். 1949-ல் தோக்கியோவின் கின்சாவில் உணவகம் திறந்தார்.

அவரிடம் செயலி இருந்ததா? இணைய வகுப்பு இருந்ததா? துணிச்சல் இருந்தது!

அவர் கடல் கடந்து போனார். உனக்கோ, 2018-ல் ஜப்பானின் கார் நிறுவனமான நிசானே இந்த ஊரைத் தேடி வந்தது. இன்னும் என்ன சாக்கு?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதன் முதல் படி என்5 நிலை. விண்ணப்பம் போடு!

தோற்றால்? அடுத்த தேர்வு ஏறக்குறைய ஆறு மாதத்தில் வரும். மறுபடி எழுது!

தோற்றவனுக்கு அடுத்த தேர்வு உண்டு. எழுதாதவனுக்கு எதுவுமே இல்லை. இன்றே தொடங்கு!