ஐயமின்மையும் செருக்கின்மையும்



சென்ற தசலட்சண நாள்களில் திருச்சிராப்பள்ளியில் ஓர் அன்பர் இல்லத்தில் கூடியிருந்தோம். அன்று இரண்டாம் நாள்; உத்தம மார்தவம் அன்றைய பொருள். செருக்கு நீங்கிய மென்மையைப் பற்றி நாம் பேசி முடித்ததும், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஐயா, வேலைக்கான நேர்முகத் தேர்வில் தன்னம்பிக்கையோடு பேசு என்கிறார்கள். இங்கே பணிந்திரு என்கிறீர்கள். பணிந்தவன் பின்தங்கி விடுகிறானே?" என்றார். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஈடுபாடு மிக்கவர். எடுத்துக்காட்டையும் அங்கிருந்தே எடுத்தார். "மோட்டோகிராஸ் வீரன் நொடிப்பொழுது தயங்கினால் எலும்பு முறியும். அவனிடம் போய் அடக்கத்தைப் போதிப்பீர்களா?"

அன்று அரைகுறையாகவே விடை சொன்னோம். அந்தக் கடன் எம் நெஞ்சில் நின்றுவிட்டது.

மண்ணைக் கிளறி ஓடும் இவ்விளையாட்டில் எத்தனை சிற்றுயிர்கள் மாய்கின்றன என்பதைச் சிராவகர் மறத்தலாகாது. இதனைப் பரிந்துரைக்க நாம் இங்கு எடுக்கவில்லை. ஆயினும் இளைஞரின் வினா நேர்மையானது. அவர் நின்ற இடத்திலிருந்தே விடை தேடுவது நம் கடமை.

மோட்டோகிராஸ் என்பது மேடும் பள்ளமுமாக அமைத்த மண் சுற்றுப்பாதையில் ஓட்டுவது. மேட்டின் உச்சியில் வண்டி வானில் எழுந்து, அப்பால் உள்ள சரிவில் இறங்க வேண்டும். எவ்வளவு வேகம் என்பது மேட்டை ஏறும்போதே முடிவாகிவிடுகிறது. உச்சியை நெருங்கிய பின் அஞ்சி ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் முன்சக்கரம் தாழும்; வண்டி சரிவை எட்டாமல் எதிர்மேட்டில் மோதும். ஆகவே இளைஞர் சொன்னது உண்மையே. ஆனால் அதே வீரர்கள், பந்தயத்திற்கு முன் அப்பாதையைக் காலால் நடந்து, குனிந்து மண்ணைப் பார்த்து வருகிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. வழியில் ஒருவன் விழுந்து கிடக்க, மஞ்சள் கொடி அசைந்தால், எத்தனை வல்லவனும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அவ்விடத்தில் முந்துதல் கூடாது.

இத்தாவுதலைக் கேட்டபோது எமக்கு நினைவில் எழுந்தவன் அஞ்சன சோரன். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் முதலாவது ஐயமின்மை. அதற்கு நம் முன்னோர் காட்டிய சான்று ஒரு திருடன் என்பது சிந்திக்கத்தக்கது. வானில் செல்லும் வித்தைக்குரிய மந்திரத்தைப் பெற்ற ஒருவன், மரத்தில் உறியைக் கட்டி, கீழே கூரிய படைக்கலங்களை நிறுத்தினான். உறியில் அமர்ந்து மந்திரம் சொல்லி இழைகளை அறுக்க வேண்டும். அவனோ ஏறுவான், கீழே பார்ப்பான், இறங்குவான். காவலருக்கு அஞ்சி அவ்வழியே ஓடிவந்த அஞ்சனன், இது யார் சொன்ன மந்திரம் என்று கேட்டான். ஜினதத்த செட்டி என்றதும், அவர் பொய் சொல்லார் என்று துணிந்து, மந்திரத்தைச் சொல்லி இழைகளை ஒருசேர அறுத்தான். வித்தை அவனைத் தாங்கிக்கொண்டது.

இக்கதையைத் துணிவுக்குச் சான்றாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவன் நம்பியது எதனை? தன் தோள்வலியை அன்று. சான்றோர் ஒருவரின் சொல்லை. வான்வழி கைவந்ததும் அவன் செல்ல விரும்பிய முதல் இடமும் அந்த ஜினதத்தரின் முன்னிலையே. அங்கிருந்துதான் அவன் துறவு தொடங்கிற்று. திருடனாகவே இருந்திருந்தால், பறக்கத் தெரிந்தவன் எத்தனை அரண்மனைகளில் புகுந்திருப்பான்!

சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டகத்தில் ஐயமின்மையும் எண்வகை மதங்களும் நற்காட்சியைப் பற்றிய ஒரே பகுதியில் வருகின்றன. அறிவு, பெறும் பூசனை, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என்னும் எட்டினால் வரும் செருக்கு நற்காட்சியைக் கெடுக்கும் என்பார் அவர். உறுதி வேண்டும், செருக்கு ஆகாது என்று ஒரே நூல் சொல்லுமாயின், இரண்டும் ஒன்றல்ல என்பது தெளிவு. உறுதி நெறியைப் பற்றியது. செருக்கு நம்மையும் நம் உடைமையையும் பற்றியது.

வலிமையும் உடலும் எத்தகைய பற்றுக்கோடுகள் என்பதை இவ்வீரர்களின் வாழ்வே காட்டும். கேரளத்துச் சொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, நம் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் இணைந்து நடத்தும் அணியில், பாலைவனத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓடும் டக்கார் பந்தயத்தில் 2024-இல் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். மொத்த வரிசையில் 11-ஆம் இடம். மறு ஆண்டு, 2025-இல், தொடக்க ஓட்டத்திலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து விலகினார். அவர் செருக்குற்றார் என்று நாம் சொல்லவில்லை; சொல்வது பாவம். அதே மனிதர், அதே பயிற்சி. ஓராண்டில் உடல் கைவிட்டது.

மற்றொருவரைச் சொல்லாமல் இருக்க இயலாது. போர்ச்சுகல் நாட்டுப் பாவ்லோ கொன்சால்வெஸ் மோட்டோகிராஸில் வளர்ந்து டக்காருக்கு வந்தவர். 2016-இல், மொத்தக் கணக்கில் அவரே முதலிடத்தில் இருந்தார். வழியில் ஆஸ்திரிய நாட்டு மத்தியாஸ் வால்க்னர் தொடையெலும்பு முறிந்து கிடந்தார். போட்டியாளர் ஒருவர் குறைந்தார் என்று கடந்து செல்லவில்லை. வண்டியை நிறுத்தி, மருத்துவ உதவி வரும்வரை உடனிருந்தார். நற்காட்சியின் ஆறாம் அங்கமாகிய நிலைபெறுத்தல், நெறியில் தளர்ந்தவரைத் தாங்குவது. ஜைனர் அல்லாத ஒருவர், உடல் தளர்ந்தவரிடத்தில் அதன் நிழலைக் காட்டினார். தன்னையே நம்பி ஓடுபவனுக்கு நிற்பது இழப்பு. கொன்சால்வெஸுக்கு அன்று அப்படித் தோன்றவில்லை போலும். வால்க்னர் குணமாகி 2018-இல் அப்பந்தயத்தை வென்றார். நம் நாட்டு ஹீரோ அணிக்காக ஓட்டிய கொன்சால்வெஸ் 2020 ஜனவரி 12-இல் சவூதிப் பாலையில் விழுந்து உயிர் நீத்தார். முன்னிலைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய வீரர் டோபி பிரைஸ் அன்று தம் வண்டியை நிறுத்தி அவரருகே இருந்தார்.

இளைஞர் சீரங்கத்தில் குடியிருப்பவர். காவிரிப் பாலத்தின் வழியே நாள்தோறும் வண்டியில் வந்து செல்பவர். அவர் கடக்கும் ஆற்றை ஒருநாள் கவுந்தி அடிகளும் கோவலன் கண்ணகியோடு கடந்தார். அரங்கத்துச் சோலையில் சாரணர் அறமுரைத்து, நிலத்தினின்று ஒரு முழம் எழுந்து நின்று, அடிகளின் பிறவித்தளை அறுக என வாழ்த்தி வான்வழியே சென்றனர் என்கிறது சிலப்பதிகாரம். அதன் பின் ஓடமேறித் தென்கரை சேர்ந்தனர். அங்கே ஒரு பரத்தையும் வம்பன் ஒருவனும் கண்ணகியை இகழ்ந்து பேசினர். அவ்விருவரும் முதுநரிகளாகுமாறு அடிகள் சபித்துவிட்டார்.

மாதவம் செய்தவரைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. ஆனால் வாழ்த்துப் பெற்றதற்கும் சாபம் இட்டதற்கும் இடையே இருந்த தொலைவு ஓர் ஆற்றின் அகலமே. தவத்தின் உறுதி எந்த இடத்தில் தவத்தின் மிடுக்காக மாறியது என்பதை ஓடத்தில் இருந்தவர்கள்கூட அறிந்திருக்க மாட்டார்கள். அப்போது, இல்லறத்தாராகிய கோவலனும் கண்ணகியும், அறியாமையால் பிழைத்தவர்களுக்கு விடுதலை வேண்டும் என்று இரந்தனர். அடிகள் அதனைக் கேட்டு, உறையூர் மதிற்புறத்தில் பன்னிரண்டு திங்கள் கழிந்தபின் அவர்கள் முன்னை உருப் பெறுக என்றார். பின்னர் மூவரும் உறையூருக்குள் நடந்தனர்.