தேங்காய்மூலம்

எங்கள் நாட்டு மருந்துக் கடையில் கடல்தேங்காய்க்குத் தனி டப்பா கிடையாது. வசம்பு டிராயரின் ஓரத்தில் காகிதம் சுற்றிக் கிடக்கும். அதனால் அதற்கு எப்போதும் வசம்பு வாசம்தான். தந்தச் சில்லு மாதிரி வெள்ளையாக, கல்லாட்டம் கெட்டியாக இருக்கும். பச்சைப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று வருகிறவர்களிடம் அப்பா ஒரு துண்டைக் கொடுத்து, "தாய்ப்பால் விட்டு உரைகல்லுல ரெண்டு சுத்து, அதுக்கு மேல வேணாம்" என்பார்.

கேட்டால் கதையும் சொல்வார். நடுக்கடலுக்கு அடியில் ஒரு மரமாம். உச்சியில் கருடன் கூடு கட்டியிருக்குமாம். காய் மட்டும் மேலே மிதந்து வருமாம். அப்பாவின் சொந்தச் சரக்கு இல்லை இது. 17ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவில் இருந்த ரும்பியஸ் என்ற தாவர அறிஞரும் கிட்டத்தட்ட இதையே எழுதி வைத்திருக்கிறார். மாலத்தீவில் ஒரு காய் கரை ஒதுங்கினால் அது அரசனுக்குச் சொந்தம், ஒளித்தவனுக்குக் கடுந்தண்டனை. அந்த ஓட்டில் ஊற்றிக் குடித்தால் விஷம் ஏறாது என்று ஐரோப்பாவிலும் நம்பினார்கள். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் ஒரே ஒரு காய்க்கு 4,000 பொற்காசு தர முன்வந்தாராம். அவருக்காக 1602இல் பிராகில் வெள்ளி கட்டிச் செய்த ஜாடி இன்னும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1768இல் குட்டு உடைந்தது. செஷல்ஸின் பிராலின் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் மரத்தையே பார்த்துவிட்டார்கள். பனை. நம் ஊர்ப் பனைக்குப் பங்காளி. அடுத்த வருஷமே கப்பல் நிறையக் காய் இந்தியாவுக்கு வந்து இறங்க, விலை தரைக்கு வந்துவிட்டது.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள். மூலம் தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் அதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பழமொழியில் ஒருநாளும் ஒப்புதல் இல்லை. இந்தத் தேங்காயின் மூலத்தைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் மயிர்க்கூச்செறிந்தது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறேழு வருஷம். உலகத்திலேயே பெரிய விதை இதுதான். உயிருள்ள காய் மிதக்காது; கடலில் விழுந்தால் கல் மாதிரி மூழ்கும். உள்ளே அழுகி, கூடாகி, முளைக்கும் சக்தி போன பிறகுதான் மிதக்கும். அப்படியானால் அரசர்கள் விலை வைத்தது முழுக்கச் செத்த விதைக்கு. உயிருள்ளது தாய் மரத்தடியை விட்டு எங்கேயும் போகவில்லை.

கண்டுபிடித்ததோடு தெய்வீகம் தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. நூறு வருஷம் கழித்து, 1881இல், கார்டன் என்ற ஆங்கிலத் தளபதி பிராலினில் வாலே த மே பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இதுதான் ஏதேன் தோட்டம், இந்தப் பனைதான் நன்மை தீமை அறியும் மரம் என்று முடிவு கட்டினார். காய் பெண்ணின் இடுப்பு மாதிரி இருப்பதும் அவருக்கு ஒரு சான்று. அந்த மட்டையை ஏவாள் எந்தப் பல்லால் கடித்தாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் தேங்காய் உரித்தவன். எனக்கு முதலில் அதுதான் தோன்றியது.

இப்போது கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்கிறேன். "அப்ப கருடன் எங்க போச்சு தம்பி?" என்று ஒரு ஆச்சி கேட்டார். அந்தக் காட்டில் கறுப்புக் கிளி இருக்கு ஆச்சி என்றேன். அவருக்கு அது போதவில்லை.

போன வருஷம் அக்கா மகன் செஷல்ஸின் மாஹேயிலிருந்து ஒரு சென்ட் பாட்டில் கொண்டு வந்தான். மூடி அந்தக் காயின் வடிவம். "மாமா, உங்க கடல்தேங்காய் சென்ட்" என்றான். மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ பணக்கார வீட்டு விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எனக்கு அந்தக் காயின் வாசம் வேறு. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், நாகூர் போகிற வழியில் ஒரு பாவா வியாழக்கிழமைகளில் கடைக்கு வருவார். ஒரு கையில் சாம்பிராணிச் சட்டி. மறு கையில் சங்கிலி கோத்த, தோணி மாதிரியான கறுத்த ஓடு. கஷ்கூல் என்பார். கடல்தேங்காயை இரண்டாகப் பிளந்த பாதி. ராஜா யாரையும் நம்ப முடியாமல் பிடித்த ஓட்டை இவர் யார் எது போட்டாலும் வாங்கிக்கொள்ளப் பிடித்திருந்தார். காசு, அரிசி, ஒருநாள் பக்கத்துக் கடை வடை.

அப்பா பிடி சாம்பிராணியை அள்ளிச் சட்டியில் போடுவார். புகையில் கடையே மறையும். ஒருமுறை, அவர் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, ஓட்டைத் தூக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். உள்ளே வழவழவென்று, சாம்பிராணியும் பழைய அரிசியும் கலந்து மணந்தது. "எங்கேர்ந்து வந்துச்சு பாவா இது?" என்றேன்.

"எங்க வாத்தியார்ட்டேர்ந்து" என்றார்.