இரவல் கண்

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது? கோர உருவத்தைக் கண்டு அஞ்சுகிறோம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். திகில் படங்களை ஆராய்ந்தால் விடை வேறாக இருக்கக் காண்கிறோம்.

ஸ்பீல்பர்க் இயக்கி 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்துக்கெனச் செய்த இயந்திரச் சுறா, கடல்நீரில் அடிக்கடி பழுதுபட்டது. சுறாவை அதிகம் காட்ட இயலாத நிலையில், காமிராவே நீருக்கடியில் சுறாவாக நீந்தி, மேலே நீந்துவோரின் கால்களைக் கீழிருந்து நோக்கியது. கண்ணில் படாத சுறாவே பார்ப்போரை நடுங்க வைத்தது.

1978இல் ஜான் கார்பென்டர் இயக்கிய 'ஹாலோவீன்' இந்த உத்தியை இன்னும் கொடிய இடத்துக்குக் கொண்டு சென்றது. தொடக்கக் காட்சியில், ஒளிப்பதிவு செய்பவரின் உடலோடு பிணைத்த காமிரா மிதப்பதுபோல் நகர்கிறது. வீட்டைச் சுற்றுகிறது, சன்னல் வழியே உள்ளே பார்க்கிறது, சமையலறையில் புகுந்து கத்தியை எடுக்கிறது, மாடிப்படி ஏறுகிறது. முகமூடி அணிந்ததும் திரை இரு கண்துளைகளாகச் சுருங்குகிறது. ஓர் இளம்பெண் கொலையுண்கிறாள். வாசலில் முகமூடி அகற்றப்படுகிறது. நிற்பவன் ஆறு வயதுச் சிறுவன். மாண்டவள் அவன் தமக்கை!

பின்வரும் காட்சிகளின் அமைப்பு வேறு. அகன்ற திரையின் ஒரு பக்கத்தில் ஒருத்தி நிற்க, மறுபக்கம் வெறுமையாக விடப்படுகிறது. அந்த வெறுமையை நம் கண் துழாவுகிறது. அங்கே நாம் இரையின் பக்கம் நின்று அஞ்சுகிறோம். தொடக்கக் காட்சியிலோ கொலைஞனின் கண்ணுக்குள் நின்றோம். மாடிப்படி ஏறுகையில் அஞ்சினோமா, அடுத்தது என்ன என்ற ஆவலால் முந்தினோமா? முந்தியது நம் நஃப்ஸ் அல்லவா?

இது வெறும் கதை, எவரும் சாகவில்லை என்பர். உண்மையே. செயலை எண்ணத்தைக் கொண்டு எடைபோடுவது நம் மார்க்கம். பார்த்தவர்மீது கொலைப்பழி சாராது. ஆயினும் செவியும் பார்வையும் உள்ளமும் விசாரணைக்குரியவை என்றே திருமறை நமக்குப் போதிக்கிறது. கண்ணை இரவல் கொடுத்தவர், அது எங்கே சென்றது என்று கேட்கக் கடமைப்பட்டவர்.

முகமூடி அகன்றதும் காமிரா சிறுவனின் கண்ணை விட்டு வெளியேறி, அவன் முகத்தையே நேராக நோக்குகிறது. அதுவரை யாராக இருந்தோம் என்று நாம் உணரும் அந்தக் கணமே மெய்யான திகில். இரவல் வாங்கிய கண்ணை இவ்வாறு திருப்பித் தரும் படங்கள் உண்டு. தராமலே கொலையை வேடிக்கையாக்கும் படங்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதும் பார்வையைப் பேணுவதில் அடங்கும்.

வளர்ந்த பிள்ளைகள் இத்தகைய படம் பார்த்து வந்தால், "பயந்தாயா?" என்று கேட்டு நகைக்கிறோம். "யாருடைய கண்ணால் பார்த்தாய்?" என்று கேட்போம். அவர்களைக் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம்.