ஒருவர் உடல், பிறர் உலகம்

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவருடைய சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. 2016இல் வெளிவந்த இந்தக் கணக்கின்படி, அத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவுதான். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. இவற்றைக் கொல்லக்கூடிய பொருள்களைக் குடலின் சுவர் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் இவை அழிவதில்லை. கொல்லத் தெரிந்த உடல் ஏன் கொல்லாமல் விடுகிறது என்பது உயிரியலின் கேள்வி. ‘என் உடல்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த ‘என்’ எதைக் குறிக்கிறது, அதே உடலை நம்பிப் பிறந்து மடியும் உயிர்களுக்கு அதில் என்ன பங்கு என்பது சமயத்தின் கேள்வி. உயிர் வேறு, உடல் வேறு என்றும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் உயிர்களே என்றும் வாதிட்ட சமயங்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நேருக்கு நேர் நின்றன. அந்த வாதத்தின் முக்கியமான களங்களில் ஒன்று பெண்ணையாற்றங்கரை.

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூர் கொம்யூன் அந்த ஆற்றின் வடகரையில் இருக்கிறது. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருவது பெண்ணையாற்றுத் தண்ணீர்தான். பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. ஆற்றைக் கடந்து தெற்கே போனால் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். ஒரு காலத்தில் பாடலிபுரம் என்ற பெயரில் அங்கே பெரிய சமணப் பள்ளி இருந்தது. ஆற்றின் மேற்கே திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை அருளிய ஊர்.

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய சமயத் திருப்பம் ஒரு வயிற்றுவலியில் தொடங்கியது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரில் தலைமை பெற்றிருந்தார். அவரைச் சூலை நோய் பிடித்தது. குடலைச் சுருட்டி இழுக்கும் அந்த வலியைப் பள்ளியின் முனிவர்களால் தீர்க்க முடியவில்லை. அவர் இரவோடிரவாகத் திருவதிகைக்குப் போய்த் தமக்கை திலகவதியார் கையால் திருநீறு பெற்று, வீரட்டானத்து இறைவனைப் பாடினார், வலி நீங்கியது, திருநாவுக்கரசர் ஆனார். பெரியபுராணம் சொல்லும் வரலாறு இது. அந்தச் சூலை எந்த நோய் என்று இன்று மருத்துவப் பெயர் சூட்ட முயல்வது வீண். சைவ மரபு அதைப் பகையாகப் பார்க்காமல் ஆட்கொள்ள இறைவன் அனுப்பிய கருவியாகப் பார்த்தது என்பதுதான் இங்கே முக்கியம். அடியாரின் குடலுக்குள் நடப்பது அடியாருக்கு மட்டும் உரியது இல்லை என்ற எண்ணம் அந்த வரலாற்றுக்குள் இருக்கிறது.

குடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் அடியில் நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியின் அடித்தளத்திலும் துகள்கள் அடைத்த சில செல்கள் இருக்கின்றன. யோசெப் பானெத் 1888இல் அவற்றை விரிவாக விவரித்ததால் பானெத் செல்கள் என்று பெயர். அந்தத் துகள்களில் லைசோசைம் உண்டு. பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் இந்த நொதியை அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினுக்கு முன்பே, 1922இல், கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் கண்டறிந்து அறிவித்தார். டிஃபென்சின்கள் என்னும் சிறு புரதங்களும் அதே துகள்களில் உண்டு. இவற்றுக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். ஒட்டியவுடன் சவ்வில் துளை விழுகிறது. ஆனால் எல்லா டிஃபென்சினும் கொல்வதில்லை. மனிதரின் ஆறாவது டிஃபென்சின் பாக்டீரியாவைச் சுற்றி நுண்வலை பின்னி, அது சுவரைத் தாண்டாமல் பிடித்து மட்டும் வைக்கிறது என்று 2012இல் தெரியவந்தது.

இந்தப் பொருள்கள் பெரும்பாலும் குடல் முழுக்கப் பரவுவதில்லை. சுவரை ஒட்டிய சளிப்படலத்திலேயே தங்குகின்றன. ரெக் 3 காமா என்ற புரதம், எலிகளின் சிறுகுடலில் சுவருக்கும் பாக்டீரியாக் கூட்டத்துக்கும் இடையே சுமார் 50 மைக்ரான் இடத்தைக் காலியாக வைக்கிறது என்று 2011இல் காட்டப்பட்டது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் இடைவெளி மறைந்து, பாக்டீரியாக்கள் சுவரில் வந்து ஒட்டின. பெருங்குடலில் சளி இரண்டடுக்காக இருக்கிறது. உள்ளடுக்கில் ஏறக்குறைய பாக்டீரியாவே இல்லை. வெளியடுக்கிலோ அவை தங்கி, சளியில் உள்ள சர்க்கரைகளைத் தின்றே வாழ்கின்றன. தன் சுவரைக் காக்கச் சுரக்கும் பொருளிலேயே உடல் அவற்றுக்குச் சோறும் போடுகிறது. ஊர் எல்லையில் குதிரைமேல் நிற்கும் அய்யனார், எல்லைக்கு வெளியே இருப்பதை எல்லாம் அழிக்கப் புறப்படுவதில்லை. குடலின் காவலும் அந்த வகைதான். பாடநூல்கள் போர், ஆயுதம், படை என்று எழுதிப் பழகிவிட்டன. அந்தச் சொற்கள் இங்கே நடப்பதில் பாதியைத்தான் சொல்கின்றன.

மற்றப் பாதி இன்னும் வியப்பானது. காவலை வளர்ப்பவையே அந்தப் பாக்டீரியாக்கள்தான். பிறந்தது முதல் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளின் குடலில் ரெக் 3 காமா மிகக் குறைவு. பாக்டீரியாக்களை உள்ளே விட்டதும் சுரப்பு ஏறுகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை ஒழித்த எலிகளிலும் அந்தப் புரதம் குறைந்து, வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமி பெருகியது என்று 2008இல் கண்டார்கள். நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற பொருள், கேத்தலிசிடின் என்ற இன்னொரு காவல் புரதத்தைத் தூண்டுகிறது. ரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியோ அதே புரதத்தின் சுரப்பை அடக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. டாக்காவின் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையம் பங்கேற்ற ஆராய்ச்சிகள் இதை வெளிக்கொண்டு வந்தன. ஷிகெல்லா தொற்றிய முயல்களுக்குப் பியூட்டிரேட் கொடுத்தபோது புரதம் மீண்டும் சுரந்தது, நோயும் தணிந்தது. நெடுநாள் குடியிருக்கும் பாக்டீராய்டீஸ் போன்றவை தம் மேற்பரப்பின் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொண்டு, காவல் புரதங்களின் நடுவிலேயே வாழக் கற்றிருக்கின்றன.

தாய்ப்பாலில் இந்த உறவு அப்பட்டமாகத் தெரிகிறது. அதில் ஒரு வகைச் சர்க்கரைகள் நிறைய உண்டு. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியாக்களுக்கான உணவு. அதே பாலில் லைசோசைமும், கிருமிகளுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் கட்டிவைக்கும் லாக்டோஃபெரினும், தாயின் எதிர்ப்புரதங்களும் இருக்கின்றன. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், தான் பெறாத உயிர்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள்.

சமணம் இந்தச் செய்தியைக் கேட்டு வியந்திருக்காது. ஓர் உடலை எண்ணற்ற உயிர்கள் பொதுவில் பெற்று, ஒன்றாக உண்டு, ஒன்றாக மூச்சுவிட்டு, ஒன்றாக மடியும் நிலையை அது நிகோதம் என்று அழைத்தது. நுண்ணோக்கிக்குப் பல நூற்றாண்டு முன்பே, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அறத்தின் கணக்கில் சேர்த்த சமயம் அது. தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதும், இருட்டியபின் உண்ணாததும், இரவு தங்கிய உணவைத் தொடாததும் அந்தக் கணக்கிலிருந்து வந்த ஒழுக்கங்கள். மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் இன்றும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதி ஊர்களில் வாழ்கிறார்கள்.

இரவு தங்கிய உணவுதான் பாகூர் வயல்காட்டின் காலைச் சாப்பாடு. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைக்கிறார்கள். விடியும்போது மேலே மெல்லிய குமிழிகள், மூக்கில் லேசான புளிப்பு. உப்புப் போட்டுப் பிசைந்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தையோ பச்சை மிளகாயையோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டு நடவுக்குப் போகிறார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்கு வார்க்கும் கூழும் புளித்த மாவில் காய்ச்சுவதுதான். அம்மை போட்டால் நோய் என்று சொல்லாமல் ‘அம்மா வந்திருக்கா’ என்று சொல்லி, வேப்பிலை கட்டி, குளிரவைத்து, தண்ணீர் ஊற்றி வழியனுப்பும் ஊர்கள் இவை. பழைய சோற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகியிருப்பதைச் சமணர் சரியாகவே கண்டுகொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். அதே உண்மையிலிருந்து ஒருவர் சட்டியை விலக்குகிறார், இன்னொருவர் எடுத்துக் குடிக்கிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றைக் குடல் நோயாளிகளிடம் ஆராய எடுத்துக்கொண்டது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு லாக்டோபேசிலஸ் வகையை அதற்கான உணவுச் சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தபோது, ரத்தத்தில் கிருமி பரவும் நோயும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. புளித்தது எதுவானாலும் மருந்து என்று இதற்குப் பொருள் இல்லை. சோதித்தது குறிப்பிட்ட ஒரு வகை பாக்டீரியாவை மட்டுமே.

இனி ‘நான்’ பற்றிய கேள்வி. பாக்டீரியாக்கள் எண்ணிக்கையில் மிஞ்சியிருப்பதால் ‘நான்’ என்று ஒன்று இல்லை, மனிதன் ஒரு கூட்டுக் குடியிருப்பு மட்டுமே என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது அவசர முடிவு. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்று, ‘எனது உடல்’ என்று சொல்கிறோம் என்பது. எனது வீடு என்பவன் வீடு ஆகமாட்டான். உடலில் யார் யார், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற தலைக்கணக்கு, அறிகிறவன் ஒருவன் உண்டா என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. மெய்கண்டாரின் வாதத்துக்கு இந்தக் கணக்கால் சேதம் எதுவும் இல்லை.

சேதப்படுவது ‘எனது’ என்ற உரிமைதான். இறைவன் உயிர்களுக்கு மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என நான்கைக் கொடுக்கிறான் என்கிறது சைவ சித்தாந்தம்: உடல், உட்கருவிகள், வாழும் உலகம், நுகர்ச்சி. பாக்டீரியாவும் வினைப்பயனால் உடலெடுத்த ஓர் உயிர் என்றால், ஒரு மனிதரின் தனு அதற்குப் புவனம். பிறந்து, உண்டு, மடிவதற்கு அதற்கு வாய்த்த உலகம் அந்தக் குடல்தான். சித்தாந்த நூல்கள் இதை இந்த வடிவில் எழுதவில்லை. ஆனால் அவற்றின் சொற்களை அவற்றின் பொருளிலேயே எடுத்துக்கொண்டு, இன்றைய உயிரியலோடு வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர இடமில்லை. ஒருவருக்குக் கருவியாகத் தரப்பட்ட உடல் பலருக்கு உலகமாகவும் தரப்பட்டிருக்கிறது. தருகிறவன் ஒருவனே என்று நம்புகிறவர், அந்த உடலைத் தனிச்சொத்தாக நினைக்க முடியாது.

இதை வைத்து உடல் அகிம்சையைப் போதிக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. எல்லையைத் தாண்டி ரத்தத்தில் நுழைந்தால், நேற்றுவரை தீங்கில்லாமல் இருந்த பாக்டீரியாவையும் உடல் கொல்லும்; கொல்லாவிட்டால் மனிதர் சாவார், அவரை உலகமாகக் கொண்ட மற்ற உயிர்களின் வாழ்வும் அத்தோடு குலையும். இயற்கை ஒன்றைச் செய்வதாலேயே அது அறமாகிவிடாது. அறம், தெரிந்து செய்கிறவருக்கே உரியது. குடல் எதையும் தெரிந்து செய்வதில்லை. மருந்தை வாயில் போடுகிறவர் தெரிந்து செய்கிறார்.

எனவே இந்தச் சமயக் கேள்வி கடைசியில் மருந்துக்கடையில் வந்து நிற்கிறது. வயிறு கொஞ்சம் இளகினாலும் சீட்டு இல்லாமல் இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டு, நின்றதும் மீதியை விட்டுவிடும் பழக்கம் ஊர்களில் இருக்கிறது. வலிமை மிகுந்த ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 பட்டியல் விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. தேவையின்றி எடுத்த மாத்திரை, குற்றம் செய்யாத உயிர்களைக் கொல்வதோடு அவை தூண்டி வளர்த்த காவலையும் தளர்த்துகிறது. பிழைத்து மருந்துக்கு அடங்காமல் போன கிருமி பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். சமணக் கணக்கில் பார்த்தாலும், சித்தாந்தக் கணக்கில் பார்த்தாலும், அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை என்று மட்டும் பார்த்தாலும் இது தவறுதான்.

மருந்துக்கடைக்குப் பதிலாகப் போக இடங்கள் உண்டு. வில்லியனூர் கொம்யூன் ராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. பாகூர்ப் பக்கத்திலும் அரசு சுகாதார நிலையங்கள் உண்டு. குழந்தைக்குப் பேதி கண்டால் முதலில் தர வேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசல், கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ரத்தம் கலந்து போனாலோ, காலரா என்று சந்தேகம் வந்தாலோதான் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அதையும் மருத்துவர்தான் எழுத வேண்டும்.