சிலந்தியின் பொறுமை

பொன்னேரி ஸ்ரீ கரிகிருஷ்ணப் பெருமாளின் பிரம்மோற்சவம் சித்திரை வெயிலில் நடைபெறுவது. அவ்வெயிலில் நிழல் தேடாத உயிர் இல்லை. ஆனால் மரங்களுக்கிடையே வலை கட்டி அதன் நடுவே அமர்ந்திருக்கும் சிலந்தி நிழலுக்குப் போனால், வந்த இரை தப்பிவிடும். தன் உடற்சூட்டைத் தானே ஒரு நிலையில் காக்கும் ஆற்றலும் அதற்கில்லை. வெளியே கொதித்தால் உள்ளும் கொதிக்கும்.

அது செய்வது யாது? பொன்னிற நூல் நூற்கும் பெருஞ்சிலந்தியைப் பனாமா நாட்டில் ஆராய்ந்த ராபின்சன் தம்பதியர் 1974இல் இதனை விரித்தெழுதினர். வெயில் ஏற ஏற, அச்சிலந்தி தன் வயிற்றின் நுனியைக் கதிரவனை நோக்கித் திருப்பிக்கொள்கிறது. நீண்ட உடல் முழுதும் படவேண்டிய வெயில் நுனியளவில் நின்றுவிடுகிறது. கதிரவன் நகர அதுவும் திரும்புகிறது. வலையை விட்டு மட்டும் அகல்வதில்லை. இதன் இனம் நம் நாட்டுக் காடுகளிலும் உண்டு. குளிர்நாட்டுச் சிலந்திகளோ சருகின் அடியிலும் மரப்பட்டை இடுக்கிலும் ஒடுங்குகின்றன. மார்கழிப் பனியே குளிரெனப்படும் இக்கரையில் அதனை விரிக்க வேண்டுவதில்லை.

முண்டகோபநிஷத்து சிலந்தியைக் காட்டுவது ஜகத்காரணத்தை விளக்குதற்பொருட்டு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், சீதோஷ்ணங்கள் வந்து போவன, அவற்றைப் பொறுத்திரு என்று பகவான் அருளுமிடத்திற்கும் அது பொருந்துவதே. பொறுத்தலாவது அசையாது வெந்து கிடத்தலோ? எம்பெருமானார் தம் பாஷ்யத்தில், யுத்தம் முதலான சாஸ்திர கர்மம் முடியுமளவும் பொறுக்க என்று பொருள் அருளிச்செய்தார். ஆகவே பொறுமைக்கு ஒரு காரியமும் ஓர் எல்லையும் உண்டு. வலையை விடாமையே பொறுமை. உடலைத் திருப்பிக்கொள்ளுதல் அதற்கு இழுக்கன்று.

பழவேற்காட்டு ஏரியில் மீனவர் முறைவைத்து வலையிடுவதைப் ‘பாடு’ என்பர். தன் முறை வந்த நாளில் வெயில் கடிதென்று ஒருவன் கரையில் தங்க இயலாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். இடுப்பளவு நீரில் இறால் தடவும் பெண்டிர்க்கு அந்த முறை நாளும் இல்லை, நாள்தோறும் நீர்தான். இவர்களைப் பார்த்து, ‘எல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று பந்தல் நிழலில் இருந்தபடி சொல்வோர் உளர். அவர்கள் சொல்வதும் கீதையின் சொல்லே. ஆயினும் அச்சொல்லை முதலில் சொன்னவன், கேட்டவனுடன் ஒரே தேரில், குதிரைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி, அதே வெயிலில் இருந்தான்.